டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விட்டுப்போன மெடல்: படைவீரர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளில், மெடல் பதிவு பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 ஆண்டு பணியாற்றி நாயக்காகப் பென்ஷனில் வந்தேன். 1971 போரில் எங்கள் பட்டாலியன் மேற்கு எல்லையில் இருந்தது. போர் முடிந்த சில வாரங்களில் மஞ்சள் காமாலை வந்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து வேறு யூனிட்டுக்குப் போஸ்டிங். கூட இருந்தவர்களுக்கு அந்தப் போருக்கான பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் வந்தன. என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சுதந்திர வெள்ளிவிழா மெடலும் ஒன்பதாண்டுப் பணிக்கான மெடலும்தான் இருக்கின்றன. இத்தனை வருஷம் கழித்துத் திருத்த முடியுமா?
– முன்னாள் நாயக், கோத்தகிரி

முடியும். வருஷம் ஓடிவிட்டதே என்று தயங்காதீர்கள். நீங்கள் பென்ஷன்தாரர் என்பதால் உங்கள் சர்வீஸ் ஆவணங்கள், ரெஜிமென்ட்டின் பணிப் பதிவுகளைக் காக்கும் வெலிங்டன் ரெக்கார்டு ஆபீஸில் இருக்க வேண்டும்.

ஒரு மெடல் புத்தகத்தில் ஏறும் வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை யூனிட் தயாரிக்கிறது. அதை வைத்து பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு வெளியாகிறது. அந்த ஆர்டரைப் பார்த்து ரெக்கார்டு ஆபீஸ் உங்கள் ஷீட் ரோலில், அதாவது உங்கள் பணி விவரப் பதிவேட்டில், பதிகிறது. பணி முடியும்போது ஷீட் ரோலில் உள்ளதை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எடுத்தெழுதுகிறார்கள். இந்த வரிசையில் எந்த இடத்தில் அறுந்தாலும் கடைசியில் புத்தகத்தில் காலியிடம்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் முதல் இடத்திலேயே அறுந்திருக்கலாம். பட்டியல் போட்ட நாளில் நீங்கள் பழைய யூனிட்டின் கணக்கில் இல்லை. புதிய யூனிட்டோ, பழைய யூனிட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கும். போர்க்களத்தில் இருந்து கிடைத்த தகுதி போஸ்டிங் ஆனதால் போய்விடாது. சங்கிராம் மெடலுக்கான காலம் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை நீள்கிறது. அதனால் போருக்குப் பிந்தைய போஸ்டிங் எங்கே என்பதும் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம்.

அறுந்த இடம் தெரியாமல் மனு எழுதினால் மாதக்கணக்கில் வீணாகும். ஆகவே முதல் கடிதத்தில் உங்கள் ஷீட் ரோலின் சான்றிட்ட நகலை மட்டும் கேளுங்கள். அதில் மெடல் ஏறியிருந்து, புத்தகத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது வெறும் எழுத்துப் பிழை. அசல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பதிந்து, முத்திரையிட்டுத் திருப்பிவிடுவார்கள். ஷீட் ரோலிலும் இல்லையென்றால்தான் அடுத்த வேலை.

அந்த மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். போரில் பட்ட கஷ்டத்தையெல்லாம் எழுதத் தோன்றும். அந்த உணர்வு நியாயமானது. ஆனால் கோப்பைப் பார்ப்பவர் தேடுவது மூன்றே விவரங்களை: எந்தத் தேதியில், எந்த யூனிட்டின் கணக்கில், எந்தப் பகுதியில் இருந்தீர்கள். "1971 டிசம்பர் 3 அன்று இன்ன பட்டாலியனின் இன்ன கம்பெனியில், இன்ன செக்டரில் பணியில் இருந்தேன். இன்ன தேதியில் இன்ன மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டேன். பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் இரண்டும் என் ஷீட் ரோலில் பதிவாகவில்லை. பழைய யூனிட்டிடம் சரிபார்த்துப் பார்ட் டூ ஆர்டர் வெளியிடக் கோருகிறேன்" என்ற அளவு போதும். ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமானால் ஊட்டியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அவர்களின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். கோப்பு நகர அது உதவும்.

சர்வீஸ் நம்பரை அதன் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு சேர்த்து எழுத வேண்டும். பெயரை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். நம் மலையில் இது அடிக்கடி தடுக்கிவிடுகிற இடம். பெள்ளி, போஜன், ஜோகி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுகிறார். ஆதாரில் ஒரு மாதிரி, புத்தகத்தில் வேறு மாதிரி. பின்னால் வரும் கவுடர் ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. ஆதாரில் உள்ளபடி எழுதினால், ரெக்கார்டில் அப்படி ஒருவர் இல்லை என்று மனு திரும்பி வரக்கூடும். இரண்டு வடிவமும் ஒருவரையே குறிக்கும் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சான்றுகளில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. சேர்ந்த நாளில் நீங்கள் எந்த யூனிட்டுக்காரர் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அடுத்தது, அந்த மாதங்களில் வீட்டுக்கு எழுதிய இன்லாந்து லெட்டர்கள். அம்மாவோ மனைவியோ பெட்டியில் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் நம்பர், கம்பெனி, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி இருக்கும். மேலே தேதியோடு ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரை விழுந்திருக்கும். கடிதத்தின் உள்ளே என்ன எழுதினீர்கள் என்பது தேவையில்லை. முகவரிப் பக்கத்தை நகலெடுத்தால் போதும்.

மூன்றாவது, அதே கம்பெனியில் இருந்த தோழரின் பிரமாண வாக்குமூலம். "இவர் என்னோடு இருந்தார்" என்று மட்டும் எழுதிய வாக்குமூலம் நிற்காது. அவருடைய நம்பர், ரேங்க், கம்பெனி, தேதிகள், செக்டர் எல்லாம் வேண்டும். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்த இரண்டு மெடலும் ஏறியிருக்கும் பக்கத்தின் நகலையும் இணைக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே நாள், அவருக்கு ஏறியிருக்கிறது, இவருக்கு இல்லை என்று காகிதத்திலேயே தெரிந்துவிட்டால் மறுத்து எழுதுவது கடினம். அந்த வயதுத் தோழர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து வெலிங்டன் பக்கம்தான் என்று நேரில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தபாலிலும் அசலை இணைக்க வேண்டாம். அவர்களாக எழுதிக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டுக் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. "ஏன் தரவில்லை" என்று அதில் கேட்காதீர்கள். காரணம் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கையில் உள்ள காகிதத்தைத் தரத்தான் சொல்கிறது. இன்ன தேதியில் கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகள், பழைய யூனிட்டுக்கு எழுதிய கடிதத்தின் நகல், யூனிட் தந்த பதிலின் நகல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

கடைசி வழி, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. முறையாக மனு கொடுத்து, மறுப்பு வந்த பிறகோ, பதிலே இல்லாமல் ஆறு மாதம் கடந்த பிறகோதான் அங்கே போக முடியும். மறுப்புக் கடிதம் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். முத்திரையும் ரசீதும் வேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

பதிவு ஏறுவது வேறு, மெடல் கைக்கு வருவது வேறு. அச்சிடுவதில் தேக்கம் ஏற்பட்டு மெடல் வரத் தாமதமாவதுண்டு. பதிவு ஏறியதுமே அணியும் உரிமை வந்துவிடும். அதுவரை மிலிட்டரி சாமான் கடையில் கிடைக்கும் டெய்லர் காப்பி என்ற மாதிரி மெடலை அணிந்து அணிவகுப்புக்குப் போகலாம். அசலில் மெடலின் ஓரத்தில் உங்கள் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். டெய்லர் காப்பியில் அது இருக்காது.

நான் இ.எம்.இ.யில் (மின், இயந்திரப் பொறியியல் படை) இருந்தேன். எனக்கும் ஒரு மெடல் விட்டுப்போயிருக்கிறது. நானும் வெலிங்டனுக்குத்தான் எழுத வேண்டுமா?
– முன்னாள் ஹவில்தார், குன்னூர்

இல்லை. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு. இ.எம்.இ.க்கு செகந்திராபாத், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் பொறியாளர் படைக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ. ராணுவப் பணிக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புக் காவல் படை) சேர்ந்திருந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும் கண்ணூர். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

என் கமாண்டிங் ஆபீசர் எனக்கு சேனா மெடலுக்குப் பரிந்துரை எழுதினார். எல்லாருக்கும் தெரியும். மெடல் வரவில்லை. இதையும் பதிவுத் திருத்தம் என்று கேட்கலாமா?
– முன்னாள் சிப்பாய், கூடலூர்

கேட்க முடியாது. வழங்கப்பட்ட விருது பதிவில் ஏறாமல் போவது ஒன்று. விருதே வழங்கப்படாதது வேறொன்று. முதலாவதைத்தான் ரெக்கார்டு ஆபீஸ் திருத்தும். போர்ப்பகுதி மெடல்கள் தேதியும் இடமும் பொருந்தினால் எல்லாருக்கும் உரியவை. அதனால் அவற்றை உரிமையாகக் கேட்கலாம். வீரவிருது அப்படியல்ல. பரிந்துரை பல படிகளைத் தாண்டி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு இந்திய அரசிதழில் வெளியாக வேண்டும். இடையில் எந்தப் படியிலும் அது நிற்கலாம். அந்த மதிப்பீட்டைத் தீர்ப்பாயமும் பொதுவாகத் தன் கையில் எடுப்பதில்லை. நீங்கள் செய்த காரியத்தின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் இந்த மனுவுக்காக வக்கீல் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வோம்.

என் கணவருக்கு வீரச்செயலுக்கான சேனா மெடல் உண்டு. அரசிதழ் நகலும் இருக்கிறது. பென்ஷனோடு அதற்கான தொகை வரவில்லை.
– வாசகி, அருவங்காடு

வீரச்செயலுக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்ட் 1 முதல் மாதம் 2,000 ரூபாய் உண்டு. சிறப்புப் பணிக்கான சேனா மெடலுக்கு இந்தத் தொகை இல்லை; எனவே அரசிதழில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். வீரச்செயல்தான் என்றால், பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) விருது ஏறியிருக்கிறதா என்று பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் பென்ஷன் இணையதளத்தில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அரசிதழ் நகலோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, திருத்த பி.பி.ஓ. கேளுங்கள். நிலுவையையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சங்கிராம் மெடல், சைன்ய சேவா மெடல் போன்றவற்றுக்கு மாதத் தொகை கிடையாது.

அப்பா 1962 சீனப் போரில் இருந்தார். சில ஆண்டுகளில் பென்ஷன் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது இல்லை. ஆவணங்கள் அழிக்கப்பட்டன என்று பதில் வந்திருக்கிறது.
– வாசகர், ஊட்டி

அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பென்ஷன் பெறாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழிக்க விதி இருக்கிறது. ஆனால் லாங் ரோல் என்ற நிரந்தரப் பேரேடு அழிக்கப்படுவதில்லை. உங்கள் அப்பாவின் நம்பர், பெயர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். "சர்வீஸ் ஆவணங்கள்" என்று கேட்டால் அழிக்கப்பட்டன என்ற பதில்தான் வரும். "லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்" என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

நீஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), லடாக் போர்ப்பகுதிகளில் இருந்தவர்களுக்கு 1947 ஜெனரல் சர்வீஸ் மெடலும் அதன் நாடாவில் போர்ப்பகுதியின் பெயர் பொறித்த பட்டையும் உண்டு. வீட்டில் பழைய மெடல் ஏதாவது கிடந்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். லென்ஸ் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருந்தால் அதைத் தெளிவாகப் படமெடுத்து மனுவோடு வையுங்கள். நம்பர் தெரியாத குடும்பங்களுக்குப் பலமுறை அதுவே தொடக்கப்புள்ளி.

டிஸ்சார்ஜ் புத்தகம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகி, மஞ்சூர்

வேண்டாம். திருத்தம் வந்தால் அசலில்தான் எழுதி முத்திரையிட வேண்டும். பிளாஸ்டிக்குக்கு மேல் எழுத முடியாது. வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், மழையில்லாத நாளில் நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான உலர்ந்த பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி பட்டால் பழைய பேனா மை கரையும். பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து, பீரோவின் மேல் தட்டில் சுவரை ஒட்டாமல் வையுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கங்கள் உட்பட, வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.