டெக்சாஸ் துப்பாக்கி உரிமம் நியூ ஜெர்சியில் செல்லுமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறேன். கிரீன் கார்டு, டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிமம் இரண்டும் உண்டு. விடுமுறைக்கு நியூ ஜெர்சி எடிசனில் உள்ள அக்கா வீட்டுக்குக் காரிலேயே போகிறோம். வழியில் பாதுகாப்புக்குத் துப்பாக்கியை எடுத்துப்போகலாமா? கூட வரும் மைத்துனர் எச்-1பி விசாவில் இருக்கிறார். நாங்கள் மாறி மாறி ஓட்டுவோம்.

பதில்: வேண்டாம். வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டுநர் உரிமத்தைப் போல இதையும் எல்லா மாநிலமும் ஏற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் எதுவும் இல்லை. யாருடைய உரிமத்தை மதிப்பது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. 2022-இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் கெடுபிடியான துப்பாக்கி உரிம விதியை ரத்து செய்ததே என்பீர்கள். அந்தத் தீர்ப்பும் வெளிமாநில உரிமத்தை ஏற்கச் சொல்லவில்லை. அர்கன்சா, டென்னஸி வரை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வழியில் வரும் ஐ-81 நெடுஞ்சாலை மேரிலாந்தைச் சில மைல்தான் தொடுகிறது, ஆனால் அங்கே உங்கள் உரிமம் செல்லாது. நியூ ஜெர்சியிலும் செல்லாது.

2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணை நியூ ஜெர்சியில் போக்குவரத்து போலீஸ் நிறுத்தியது. காரில் துப்பாக்கி இருப்பதையும் தன்னிடம் பென்சில்வேனியா உரிமம் இருப்பதையும் அவரே சொன்னார். சொன்ன கையோடு கைது. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அந்தப் பிரச்சினை முழுதாக ஓய்ந்தது. அவர் அமெரிக்கக் குடிமகள். உங்கள் நிலை அதைவிட மோசம்: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், அதையே காரணமாக வைத்து கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது.

“டிக்கியில் பூட்டி வைத்தால் போதும்” என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சொல்வது அது. தோட்டா நீக்கிய துப்பாக்கியையும் தோட்டாவையும் இருக்கையிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் வைத்து மாநிலங்களைக் கடக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். கிளவ் பாக்ஸ் கணக்கில் வராது. ஆனால் புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அதை எடுத்துச் செல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். எடிசனில் உங்களுக்கு அது இல்லை.

போகிற வழியில் தங்கினாலும் சிக்கல்தான். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர், முறைப்படி விமானத்தில் பதிவு செய்த துப்பாக்கியோடு நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் அந்த 1986 சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எடிசனுக்கு அடிக்கடி போவீர்களென்றால், வெளிமாநிலத்தவரும் நியூ ஜெர்சி மாநிலக் காவல் துறையிடம் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மைத்துனர் விஷயம் வேறு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. டெக்சாஸுக்குள்ளேயும் இதே சட்டம்தான். துப்பாக்கி டிக்கியில் இருக்க, அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனால்கூட வழக்கில் சிக்கலாம். ஆகவே ஊருக்குள் ஓட்டும்போதும் சாவியை அவரிடம் கொடுக்கும் முன் டிக்கியைப் பார்த்துவிடுங்கள், உதிரித் தோட்டா உட்பட.