இன்டீரியர் டிசைனரிடம் என்ன சொல்ல வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிசைனரை முதல்முறையாகச் சந்திக்கப் போகிறோம். பிடித்த படங்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: படங்களை வைத்து உங்கள் ரசனையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் காலையில் யார் எதற்காக எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரியாது. டிசைனருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். பள்ளிப் பை எங்கே வந்து விழுகிறது? சாவியை எங்கே வைத்துவிட்டுத் தேடுகிறீர்கள்? துவைத்த துணி மடிக்கும்வரை எந்த நாற்காலியில் குவிந்து கிடக்கிறது? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். டிசைனர் வருகிறார் என்று வீட்டை ஒழுங்குபடுத்திவிடாதீர்கள். அவர் பார்க்க வேண்டியதே அந்தக் குவியலைத்தான். பிள்ளைகளையும் பேசவிடுங்கள், அவர்களும் அங்கேதானே வாழ்கிறார்கள்.

கேள்வி: என் உயரம் 152 செ.மீ., கணவருக்கு 178. இருவருமே சமைக்கிறோம். சமையல் மேடையை வழக்கமான உயரத்தில் போட்டுவிடலாம் என்கிறார் டிசைனர். சரிவருமா?

பதில்: வழக்கம் என்பது பெரும்பாலும் 85 முதல் 90 செ.மீ. உங்களுக்குக் கொஞ்சம் உயரம், அவருக்குத் தாழ்வு. வீட்டில் போடும் செருப்போடு நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் காய் நறுக்க வசதியான உயரம் கிடைக்கும். இருவரும் தனித்தனியாக அளந்து டிசைனரிடம் கொடுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் சிங்க். மேடை 85 செ.மீ. இருந்து தொட்டி 20 செ.மீ. ஆழம் என்றால், பாத்திரம் கழுவும் கை 65 செ.மீ. வரை இறங்குகிறது. முதுகு வலி அங்கேதான் ஆரம்பிக்கும். பாத்திரம் கழுவுவது கணவர் என்றால் சிங்க் பகுதியை மட்டும் உயர்த்தச் சொல்லுங்கள். அடுப்பு எதிர்மாதிரி: மேலே பாத்திரமும் ஏறுவதால் அந்தப் பகுதி கொஞ்சம் தாழ்ந்திருப்பது நல்லது. இரண்டு உயரம் வைக்க வழியில்லையா? அதிக நேரம் சமைப்பவரின் அளவுக்குப் போடுங்கள். குள்ளமானவர் ஸ்டூலில் ஏறி நிற்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது, கொதிக்கிற பாத்திரத்தோடு நிற்கும் இடம் அது. அப்புறம், எதிரெதிர் மேடை என்றால் நடுவே சுமார் 120 செ.மீ. விடச் சொல்லுங்கள். இருவரும் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்யலாம்.

கேள்வி: சுவர் முழுக்க அலமாரி அடித்துவிட்டால் இடப் பிரச்சினை தீருமா?

பதில்: ஆழம் சரியாக இருந்தால் தீரும். ஹேங்கரில் மாட்டும் துணிக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும், புத்தகத்துக்கு 30 தாராளம். எல்லாவற்றையும் 60-இல் அடித்தால் பின்வரிசையில் இருப்பது உங்களுக்கே மறந்துபோகும். தனியாக நிற்கும் உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குவது கட்டாயம், குழந்தைகள் அதில் ஏறுவார்கள்.

கேள்வி: வேலை பாதியில் இருக்கிறது. தினமும் ஏதோ மாற்றுகிறோம், செலவு ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: இன்றே நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். இனி எந்த மாற்றமானாலும் அதன் கூடுதல் செலவும் தாமதமும் எழுத்தில் வந்து, நீங்கள் சம்மதித்த பிறகே ஆள் கை வைக்க வேண்டும். டிசைனரின் கட்டணம் மொத்தச் செலவில் சதவீதமா, நிலையான தொகையா என்பதையும் பாருங்கள். சதவீதம் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் கட்டணமும் கூடும். பொருள் வாங்கும் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல டிசைனர் மறைக்க மாட்டார். மின் இணைப்புகளின் இடத்தை மட்டும் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு சுவரை உடைப்பதுபோல் காசு கரையும் வேலை வேறில்லை.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. அவர் அறைக்குத் தரையோடு ஒட்டிய தாழ்வான கட்டிலை டிசைனர் காட்டுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், எழும்போது முட்டி திணறக் கூடாது. பலருக்கும் மெத்தையோடு 45 முதல் 50 செ.மீ. உயரம் ஒத்துவரும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை வழியில் மிதியடி வேண்டாம், தரையோரம் ஒரு சிறு இரவு விளக்கு போடுங்கள். படுத்தபடியே எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்கட்டும். கழிப்பறையில் கைப்பிடி இன்று தேவைப்படாவிட்டாலும், டைல்ஸ் ஒட்டும் முன்பே அது தாங்கும்படி சுவரைப் பலப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். கட்டிலை வாங்கும் முன் அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள்.