கணேஷ்மான் சிங் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பரில் காட்மாண்டுவில் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து நேபாள அரசியலைத் தேடித் தேடி வாசிக்கிறேன். கொய்ராலா, தேவுபா, ஒலி, பிரசண்டா என்று அதே பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. நடுவில் கணேஷ்மான் சிங் என்று ஒருவர். 1990-ல் மன்னரே கூப்பிட்டும் பிரதமர் பதவி வேண்டாம் என்றவராம். பதவி ஆசையே இல்லாத ஒருவர் எப்படி ஐம்பது வருடம் அரசியலில் இருந்தார்? அவரைப் பற்றி எழுதுங்களேன்.

ச.

அன்புள்ள ச.,

கணேஷ்மான் இருமுறை அமைச்சராக இருந்தவர். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-ஐ மட்டும் வைத்து அவரைத் துறவியாக்கிவிட்டால், அந்த மனிதரின் பாதி வாழ்க்கை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

1915-ல் காட்மாண்டுவில், அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது நேபாளத்தை ஆண்டது ராணா குடும்பம். மன்னர் பெயருக்குத்தான், பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களிடமே அதிகாரம். தாத்தா ரத்னமான் ராணா ஆட்சியில் பெரிய அதிகாரி. பேரன் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும், வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ ராணாக்களை எதிர்த்து ரகசியமாக இயங்கிய பிரஜா பரிஷத்தில் சேர்ந்தார். 1940-ல் பிடிபட்டார். 1941 ஜனவரியில் சுக்ரராஜ் சாஸ்திரியையும் தர்மபக்த மாதேமாவையும் தூக்கிலிட்டார்கள். தசரத் சந்தையும் கங்காலால் சிரேஷ்டாவையும் சுட்டுக் கொன்றார்கள். கணேஷ்மானுக்கு ஆயுள் தண்டனை. அப்போது வயது 25. மூன்று வருடம் பொறுத்திருந்து, 1944-ல் சிறைச்சுவரைத் தாண்டித் தப்பி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த இடம். 1951 பிப்ரவரியில் ராணாக்களும், அவர்களை எதிர்த்த கணேஷ்மானின் கட்சியான நேபாளி காங்கிரஸும் சேர்ந்து ஒரு கூட்டு அமைச்சரவை அமைத்தார்கள். பிரதமர் மோகன் ஷம்ஷேர் ராணா. உள்துறை காங்கிரஸ் தலைவர் பி.பி. கொய்ராலாவிடம். வணிகமும் தொழிலும் கணேஷ்மானிடம். தன் தோழர்களைக் கொன்று, தனக்கும் ஆயுள் தண்டனை கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவரின் தலைமையில் அவர் அமைச்சராக உட்கார்ந்தார். அந்த ஏற்பாடு நவம்பரைத் தாண்டவில்லை. இருந்தாலும் அந்த நாற்காலியில் போய் உட்கார எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பதவியை மறுப்பதைவிட இது கடினம் என்று நினைக்கிறேன்.

1959-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். 109 இடங்களில் 74 காங்கிரஸுக்கு. பி.பி. பிரதமரானார், கணேஷ்மான் மறுபடி அமைச்சர். ஒன்றரை வருடம்தான். 1960 டிசம்பர் 15 அன்று மன்னர் மகேந்திரா ராணுவத்தை அனுப்பி அரசையே கைது செய்தார். அமைச்சர் நேராகச் சிறைக்குப் போனார். சுந்தரிஜல் ராணுவ முகாமில் பி.பி.யோடு எட்டு வருடம். 1968-ல் விடுதலை, பிறகு இந்தியாவில் தஞ்சம். 1976 கடைசியில் கைதாவோம் என்று தெரிந்தே இருவரும் நாடு திரும்பினார்கள்.

1982-ல் பி.பி. காலமானார். அதன்பின் மக்கள் நிமிர்ந்து பார்க்க இருந்த பெரியவர் கணேஷ்மான்தான். 1990 ஜனவரியில், மகேந்திரா கட்சிகளுக்கு விதித்த தடை நீங்காதபோதே, சாக்சிபாரியில் தன் வீட்டு வளாகத்திலேயே காங்கிரஸ் மாநாட்டைக் கூட்டினார். இன்று சுற்றுலாப் பயணிகள் தமேல் என்று அறியும் பகுதியை ஒட்டிய இடம் அது. இந்தியாவிலிருந்து, பின்னாளில் பிரதமரான சந்திரசேகரும் வந்திருந்தார். இடதுசாரிகளோடு கைகோத்து பிப்ரவரி 18 அன்று போராட்டம் தொடங்கியது. ஏப்ரல் 8 இரவு மன்னர் பிரேந்திரா தடையை விலக்கினார். பிரதமராக வாருங்கள் என்று அழைப்பும் வந்தது. கணேஷ்மானுக்கு வயது 74, உடல்நலமும் சரியில்லை. கட்சித் தோழர் கிருஷ்ண பிரசாத் பட்டராயின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் நீங்கள் வாசித்த கட்டுரைகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எல்லோரும் அதைத் தியாகம் என்று கொண்டாடுகிறார்கள். அவர் அந்தப் பதவியை ஏற்றிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், ஒரு வருடத்துக்காவது. காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மாதிரி மதித்த தலைவர் அன்று அவர் ஒருவர்தான். அடுத்து வந்தவர்களுக்குப் பதவி இருந்தது, அந்த மதிப்பு இல்லை. அவருக்கு மதிப்பு இருந்தது, ஆனால் கையில் அதிகாரம் இல்லை. 1991 தேர்தலுக்குப் பின் பி.பி.யின் தம்பி கிரிஜா பிரசாத் கொய்ராலா பிரதமரானபோது, கணேஷ்மானால் கண்டிக்க முடிந்ததே தவிர எதையும் தடுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே தேர்தலில் அவர் மனைவி மங்களாதேவியும் மகன் பிரகாஷ்மானும் காட்மாண்டுவில் காங்கிரஸ் வேட்பாளர்களாக நின்றார்கள். இருவருமே தோற்றார்கள். பிரதமர் பதவியை விட்டுக்கொடுத்தவர் வீட்டிலிருந்தே இரண்டு வேட்பாளர்களா என்று ஊர் பேசியதில் நியாயம் உண்டு. மங்களாதேவியைப் பொறுத்தவரை அது முழு உண்மை இல்லை. ராணா காலத்திலேயே பெண்களின் உரிமைக்காக அமைப்பு கட்டியவர் அவர். கணவரின் பெயர் இல்லாமலே அந்த இடத்துக்குத் தகுதியானவர்.

1994 ஜூலையில் காங்கிரஸ் எம்.பி.க்கள் 36 பேர் வாக்கெடுப்புக்கு வராததால் கிரிஜாவின் அரசு தோற்றது. கணேஷ்மானின் மனம் அந்த 36 பேர் பக்கம் இருந்தது. நவம்பரில் முன்கூட்டியே நடந்த பொதுத்தேர்தலில் கம்யூனிஸ்டுகள் 88 இடங்களோடு முதலிடம் பிடித்தார்கள், காங்கிரஸுக்கு 83. கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கணேஷ்மான், தன் எழுபத்தொன்பதாவது வயதில், அந்த வருடமே கட்சியை விட்டு வெளியேறினார்.