ரெனோவின் ‘மிஸ்த்ரால் கஞ்ஞான்’: கேள்வி பதில்

பிரெஞ்சுப் பாடல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி ஒரே பாட்டைப் பற்றி. எனக்கு அதில் சந்தோஷம்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தர ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்தப் பாட்டை வகுப்பில் போடுகிறேன்.

கேட்காதவர்களுக்காக: ரெனோ 1985இல் வெளியிட்ட பாட்டு. ஒரு அப்பா தன் சின்ன மகளோடு பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார ஆசைப்படுகிறார். போகிற வருகிறவர்களைப் பார்ப்பது, புறாக்களுக்குத் தீனி போடுவது, மழையில் நடப்பது, நடுநடுவே தான் சிறுவனாக இருந்தபோது தின்ற மிட்டாய்களைப் பற்றி அவளிடம் சொல்வது. நடப்பது இவ்வளவுதான். 2015இல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில் பிரெஞ்சு மக்களின் மிகப் பிடித்த பாட்டாக இது முதலிடத்தில் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பில் காற்று இல்லை.

மேடம், தலைப்புக்கு என்ன அர்த்தம்? அகராதியில் ‘மிஸ்த்ரால்’ என்றால் வடக்கிலிருந்து வீசும் காற்று என்று இருக்கிறது. ‘வென்ற காற்று’ என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. அகராதி சொல்வது சரி. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் குளிர்ந்த, வறண்ட காற்றுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் பாட்டில் வரும் மிஸ்த்ரால் ஒரு மிட்டாய். சின்னக் காகிதப் பொட்டலம், உள்ளே புளிப்பும் இனிப்புமாக நாக்கில் பொங்கும் சர்க்கரைத் தூள், அதிமதுரத்தில் செய்த ஒரு குழல். அந்தக் குழலால் தூளை உறிஞ்ச வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தால் உள்பக்கம் ஒரு சொல் அச்சாகியிருக்கும். ‘பெர்துய்’ என்றால் தோல்வி. ‘கஞ்ஞான்’ என்றால் நீ ஜெயித்தாய், கடைக்காரர் இன்னொரு பொட்டலம் சும்மா தருவார். ஆக, மிஸ்த்ரால் கஞ்ஞான் என்பது பரிசு விழுந்த பொட்டலம். ஒரு பையனின் அன்றைய நாளையே மாற்றக்கூடிய பொட்டலம்.

பாட்டு வந்தபோது அந்த மிட்டாய் கடைகளில் இல்லை. அதனால்தான் அது தலைப்பில் இருக்கிறது.

உச்சரிப்பையும் கேட்டிருந்தீர்கள். ‘விஞ்ஞானம்’ என்பதில் வரும் அதே ஞ்ஞா. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த ஒலி நாக்கிலேயே இருக்கிறது, ‘க்ன’ என்று உடைக்காதீர்கள். கடைசி ‘ன்’ மட்டும் மூக்கோடு நின்றுவிடும்.

ரெனோ கார் கம்பெனிக் குடும்பமா?

இல்லை. ரெனோ என்பது அவருடைய முதற்பெயர், குடும்பப் பெயர் செஷான். காரின் பெயர் ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு.

அக்கா, நான் இரண்டாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். பாட்டின் முதல் வரியில் எழுவாயும் இல்லை, காலம் காட்டும் வினையும் இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது?

முடியவில்லை தம்பி. நல்ல கேள்வி கேட்டாய், இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாட்டின் முதுகெலும்பு முழுக்க வினையின் மூல வடிவம்தான். உட்கார, பார்க்க, பேச, உன் சிரிப்பைக் கேட்க, சொல்ல. ‘நான் உட்கார்ந்தேன்’ இல்லை, ‘உட்காருவேன்’ இல்லை, ‘உட்கார விரும்புகிறேன்’ என்றுகூட இல்லை. நம் இலக்கணத்தில் இதற்கு மிக நெருங்கியது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். எச்சம் என்ற பெயரையே பார். மிச்சம் இருக்கிறது, முடிக்கும் வினை இன்னும் வரவில்லை என்று பொருள். ‘உன்னோடு ஐந்து நிமிஷம் உட்கார…’ என்று விட்டால் தமிழில் கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார். பிரெஞ்சில் அது பெருமூச்சு போல அப்படியே நிற்கும். அந்த ஐந்து நிமிஷம் நடந்ததா, நடக்கப்போகிறதா, வெறும் ஏக்கமா என்று பாட்டு கடைசிவரை சொல்வதில்லை.

அதனால் மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் ‘வேண்டும்’ சேர்க்காதே. ஒரு இடத்தில் போட்டால் போதும்.

கிட்டார் கார்டு அனுப்ப முடியுமா?

எனக்குச் சொற்கள்தான் தெரியும். இசை சொல்லித்தருகிற யாரிடமாவது கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், இது பியானோவில் பிறந்த பாட்டாகவே எல்லோர் காதிலும் நிற்கிறது.

‘ஒரு பிராங்க் கேரமல்’ என்று வருகிறதே, பிள்ளைகளுக்கு அது விலை அதிகம் இல்லையா?

ரெனோ 1952இல் பாரிஸில் பிறந்தவர். 1960 ஜனவரியில் பிரான்ஸ் புது பிராங்குக்கு மாறியது, பழைய 100 பிராங்க் புது 1 பிராங்க் ஆனது. மாறிய பிறகும் மக்கள் பல வருடம் பழைய கணக்கிலேயே பேசினார்கள். ஆகவே அந்த ஒரு பிராங்கைப் பழைய பிராங்க் என்று எடுத்துக்கொள்வதே பொருந்தும். அதாவது புதுக் கணக்கில் ஒரு சாந்தீம், நூறில் ஒரு பங்கு.

இந்தப் பாட்டு இறந்துபோன மகளுக்காக எழுதியது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கேட்டு அழுதேன்.

தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர் மகள் லொலிதா 1980இல் பிறந்தவர். பாட்டு வந்தபோது ஐந்து வயது. வளர்ந்து குழந்தைகளுக்கான புத்தகங்களும் சித்திரக் கதைகளும் எழுதுகிறார். உயிரோடிருக்கும் ஒருவரைக் கண்ணீருக்காகக் கொல்ல வேண்டாம். உயிரோடு, பக்கத்தில், கைவிரலைப் பிடித்துக்கொண்டு இருக்கும் குழந்தையைப் பார்த்து ஒரு அப்பாவுக்கு வரும் துக்கம் இது. அதுதான் இதில் அபூர்வம்.

தலைப்பில் உள்ள காற்றைக் காலத்துக்கு உவமையாகச் சொல்கிறாரா?

மேலே முதல் பதிலைப் பாருங்கள். மிட்டாய்.

மிட்டாய்ப் பெயர்கள் எல்லாம் யாருக்கும் புரியாது டீச்சர். நான் தமிழில் எழுதும்போது தேன் மிட்டாய், கமர்கட், ஆரஞ்சு மிட்டாய் என்று மாற்றிவிட்டேன். என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டது. சரிதானே?

அம்மா கலங்கியது உண்மை. ஆனால் அவர் கலங்கியது தன் சிறுவயதுக்காக. இந்தப் பாட்டு அதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

(அதே வாசகர்) ஏன் கூடாது? உணர்ச்சிதானே முக்கியம்? ‘ருதுது’ என்று எழுதினால் கடலூரில் யாருக்கு என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. அந்தச் சிறுமிக்கும் தெரியாது!

பாட்டில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். அவர் தன் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து ‘ஞாபகம் இருக்கா’ என்று கேட்கவில்லை. ஐந்து வயது மகளிடம், அவள் நாக்கு ஒருநாளும் தொடாத மிட்டாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்குகிறார். ருதுது என்பது சிப்பி ஓட்டில் ஊற்றி உறையவைத்த சர்க்கரைப் பாகு. நக்கித் தின்னும்போது ஓட்டின் விளிம்பு உதட்டைக் கிழிக்கும். கொக்கோ என்பது சின்ன வட்டத் தகர டப்பியில் வரும் அதிமதுரத் தூள். இதெல்லாம் அவளுக்கு வெறும் ஒலி. அப்பா முகம் ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பெயர் புரியாத தமிழ் வாசகர் அந்த பெஞ்சில் சரியாக அவள் இடத்தில் உட்கார்கிறார். தேன் மிட்டாய் என்று மாற்றினால் அவரை எழுப்பி அப்பாவின் இடத்தில் உட்கார வைக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

(வேறொரு வாசகி) நான் டீச்சரோடு உடன்படவில்லை. கராம்பார் இன்றைக்கும் பாரிஸ் கடைகளில் கிடைக்கிறது. என் அண்ணன் லா ஷபேலிலிருந்து வாங்கி வந்தார். லொலிதாவுக்கு அது தெரிந்திருக்காதா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘ஒருநாளும் தொடாத’ என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னது என் அவசரம். கராம்பார் 1954இல் வந்த கேரமல் குச்சி, இன்றும் இருக்கிறது. அதனால்தான் ரெனோ அதற்கு ஒரு அடைமொழி போடுகிறார், ‘அந்தக் காலத்து’ கராம்பார். ருதுதுவுக்கு ‘நிஜமான’. மகள் கையில் இருப்பது வேறு, என் வாயில் இருந்தது வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மிஸ்த்ராலுக்கு அப்படி எந்த அடைமொழியும் இல்லை. குழப்பிக்கொள்ள அவளிடம் ஒன்று இருந்தால்தானே அடைமொழி வேண்டும்.

(தேன் மிட்டாய் வாசகர்) அப்படியென்றால் பரிசு? எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் அட்டை தொங்கும், காசு கொடுத்துச் சீட்டுக் கிழித்தால் பலூனோ மோதிரமோ விழும். அதையாவது போடலாமா?

இது நல்ல யோசனை. மிட்டாயை மாற்றாமல், பரிசு என்ற செய்தியை மட்டும் ஒரு சொல்லில் உள்ளே கொண்டுவாருங்கள். ‘பரிசு விழுந்த மிஸ்த்ரால்’ என்று எழுதினால் சீட்டுக் கிழித்த கை எல்லாம் அதைப் புரிந்துகொள்ளும். ‘மிஸ்த்ரால்’ என்ற சொல் அந்நியமாகவே இருக்கட்டும்.

வகுப்பில் பாட நினைக்கிறோம். ருதுது வரியில் பல்லைப் பற்றி வரும் வினைச்சொல் கெட்ட வார்த்தையா?

கொச்சையானது. பாடலாம், வாய்மொழித் தேர்வில் சொல்லாதீர்கள். ரெனோ எப்போதும் தெருப் பேச்சில் எழுதுபவர். மிட்டாய்க்குக்கூடச் செந்தரச் சொல்லை விட்டுவிட்டு ‘பொம்பெக்’ என்ற பேச்சுச் சொல்லைத்தான் போடுகிறார். கடையில் அதைத் திருடியதையும் மகளிடம் ஒளிக்கவில்லை.

அவரே இதைப் பதிவு செய்யத் தயங்கினாராமே?

ஆம், மிகவும் அந்தரங்கமானது என்று தயங்கியிருக்கிறார். மனைவி தொமினிக்தான் வற்புறுத்திப் பதிவு செய்யவைத்தார். அதுவே அந்த இசைத்தட்டின் பெயரும் ஆனது.

தென் பிரான்ஸில் வீசும் காற்றுக்கும்…

இல்லை. பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து. பதில் சொல்லாமல் மிச்சம் நிறைய இருக்கிறது.

சிறுவயதை விட்டுப் போவது பற்றி வேறு பிரெஞ்சுப் பாடல்கள்?

மூன்று சொல்கிறேன். யூக் ஓஃப்ரே 1968இல் பாடிய ‘அதியூ மொஸ்யே ல ப்ரொஃபெஸர்’, ஓய்வுபெறும் ஆசிரியரைப் பிள்ளைகள் வழியனுப்புவது. பத்ரிக் ப்ருயெலின் ‘ப்ளாஸ் தே கிரான் ஸோம்’ 1989, பத்து வருடம் கழித்து அதே நாள், அதே நேரம் பாரிஸின் பாந்தியோன் முன்னால் சந்திப்போம் என்று சொல்லிக்கொண்ட வகுப்புத் தோழர்கள். அப்புறம் மிஷேல் சார்தூவின் ‘ஜ வோல்’, 1978, வீட்டை விட்டுப் போகும் பிள்ளை. 2014இல் ஒரு படத்தில் லுவான் பாடி இளைஞர்களிடம் அது மறுபடி பரவியது. இவற்றில் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகளோ பழைய வகுப்புத் தோழர்களோ. ரெனோவில் பேசுவது, சிறுவயதை எப்போதோ கடந்துவிட்ட அப்பா.

(பழைய வாசகி) கடைசியாக ஒன்று. இது அப்பாவின் சிறுவயதைப் பற்றியா, மகளுடையதைப் பற்றியா? எங்கள் வீட்டில் சண்டையே நடக்கிறது.

முடிவு வரி வரை அப்பாவுடையது. அங்கே அவர் மகளிடம், வாழ்க்கையை நேசி, காலம் கொலைகாரன் என்றாலும் நேசி என்கிறார். அந்தக் கொலைகாரன் எடுத்துப்போவதாக இரண்டைச் சொல்கிறார்: குழந்தைகளின் சிரிப்பு, மிஸ்த்ரால் கஞ்ஞான். முதல் பகுதியில் சுவரை விரிசல் விடவைத்த அவள் சிரிப்பு இங்கே மிட்டாய்களோடு ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சண்டையில் இரண்டு பேர் சொல்வதும் சரி.

(தேன் மிட்டாய் வாசகர்) மிட்டாய்ப் பெயர்களைத் திரும்பப் போட்டுவிட்டேன் டீச்சர். ‘உனக்குச் சொல்ல’ என்று மூன்று இடத்தில் வருகிறது, மூன்றையும் ஒரே மாதிரி எழுதினேன். பாருங்களேன்.

படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்று இல்லை. முதலில் ‘கொஞ்சம் சொல்ல’, இரண்டாவதில் ‘முக்கியமாகச் சொல்ல’, மூன்றாவதில் ‘கடைசியாகச் சொல்ல’. அப்பா மெல்ல மெல்ல நெருங்குகிறார். இதை மட்டும் திருத்தி அம்மாவிடம் மறுபடி படித்துக் காட்டுங்கள். ருதுது என்றால் என்ன என்று அவர் கேட்டால் நிறுத்திச் சொல்லுங்கள்.