காலூன்றி நிற்கும் எழுத்து: ஸ்லாப் செரிஃப் கேள்வி-பதில்

ஸ்லாப் செரிஃபை எப்படி அடையாளம் காண்பது?

எழுத்தின் காலடியைப் பாருங்கள். ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காலின் பெயர்தான் செரிஃப்; அது தடித்து நிற்கும் எழுத்துரு வகைதான் ஸ்லாப் செரிஃப், சுருக்கமாக ஸ்லாப். டைம்ஸ் நியூ ரோமனில் கோடு முடியும் இடத்தில் செரிஃப் மெலிந்து கூராகும். ஸ்லாபில் அது எழுத்தின் முக்கியக் கோட்டுக்கு ஏறக்குறையச் சமமான தடிமனில், செங்கல் வைத்ததுபோல் நிற்கும். ராக்வெல் என்ற ஸ்லாப் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ'யை (I) அடித்துப் பெரிதாக்கினால், இரும்பு உத்திரத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரியே இருக்கும்.

இதிலும் இரண்டு குணம் உண்டு. 1934-ல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல்லில் கோடும் செரிஃபும் சேரும் மூலை செங்கோணம், பேச்சு கறார். 1845-ல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட கிளாரண்டனில் அந்த மூலை லேசாக வளையும். அந்தச் சின்ன வளைவில்தான் அதன் கனிவு இருக்கிறது. எனக்குப் பிடித்தது கிளாரண்டன்தான்.

இதை 'எகிப்தியன்' என்கிறார்களே, எகிப்துக்கும் இதற்கும் என்ன உறவு?

எதுவும் இல்லை. நெப்போலியனின் 1798 படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் பரவியது. பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. 1816-ல் லண்டன் எழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் காஸ்லன் செரிஃபே இல்லாத எழுத்துக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். பிறகுதான் அது ஸ்லாபுக்கு வந்தது.

போஸ்டர் தலைப்பில் போட்டால் நெரிசலாகத் தெரிகிறது. ஏன்?

பெரும்பாலும் எழுத்து இடைவெளிதான் காரணம். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் செரிஃப்கள் தொட்டும் தொடாமலும் நின்றால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நன்றாக விலக்குங்கள், இல்லையென்றால் துணிந்து ஒட்டவிடுங்கள். இரண்டுங்கெட்டான் இடைவெளிதான் ஆபத்து.

வரி இடைவெளி இதற்கு நேர்மாறு. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து (கேப்பிடல்) என்றால் கீழே தொங்கும் வால் இருக்காது. வரிகளை நெருக்கினால் தலைப்பு ஒரே கட்டாகத் திரண்டு நிற்கும். சொற்களையும் குறையுங்கள். தூரத்திலிருந்து கூப்பிடப் பிறந்த எழுத்து இது. நான்கு சொல்லில் கம்பீரமாக இருப்பது பதினைந்து சொல்லில் இரைச்சலாகிவிடும்.

இன்னொன்று: ஒருமுறை கறுப்புப் பின்னணியில் வெள்ளை ஸ்லாப் வைத்து அச்சுக்குக் கொடுத்தேன். மை பரவி, செரிஃப்களின் ஓரம் தேய்ந்துபோய் வந்தது. அன்றிலிருந்து, வெள்ளை எழுத்தென்றால் இடைவெளியைக் கூட்டி, அதே அளவில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

கட்டுரை முழுக்க இதிலேயே அமைக்கலாமா?

தடித்த வகையில் வேண்டாம். ஆங்கிலச் சிறிய 'ஈ' (e), 'ஏ' (a) எழுத்துகளின் உள்வெளி அடைபட்டு, பத்தி கறுப்புத் திட்டாகும். ரோபோட்டோ ஸ்லாப் எழுத்துருவின் சாதாரண எடையில், அதாவது கோட்டின் இயல்பான தடிமனில், தாராளமாக அமைக்கலாம். அல்ஃபா ஸ்லாப் ஒன் என்ற தடித்த எழுத்துரு தலைப்புக்கு மட்டும். அதில் இருப்பதே ஒரே எடைதான்.

தட்டச்சுப்பொறி எழுத்தும் இந்த இனமா?

ஆமாம். கூரியர் என்ற தட்டச்சுப்பொறி எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான ஆங்கிலச் சிறிய 'ஐ' (i) தனியாக நின்றால் இருபுறமும் காலியாகத் தெரியும்; நீண்ட செரிஃப்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

தமிழ்த் தலைப்போடு சேர்த்து வைக்க என்ன வழி?

தமிழுக்குச் செரிஃப் தேட வேண்டாம். கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒத்துப்போனால் போதும். 'ண', 'ணை' இரண்டையும் அடித்துப் பாருங்கள். சுழி அடைபட்டால் தமிழை ஒரு எடை குறைத்துவிட்டு, அளவைச் சற்றுக் கூட்டுங்கள்.