தடைப்பலகை இல்லாத இடத்தில்

அன்புள்ள ஐயா,

ஒசாகாவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் கேமராவோடு கோயில்களுக்குக் கிளம்பிவிடுவேன். கியோத்தோவின் சஞ்சூசங்கென்தோவில் உள்ளே படமெடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். முக்காலிக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. டிக்கெட் வாங்கிய பிறகு இது என்ன நியாயம்? படமெடுப்பதும் கலைச்செல்வங்களைக் காப்பாற்றும் வேலைதானே? சில படங்களை இணைத்திருக்கிறேன். டோக்கியோவில் எடுத்த சிவப்புத் தொப்பி பொம்மைகளை ‘குட்டிச் செல்லங்கள்’ என்று இணையத்தில் போட்டேன், நல்ல வரவேற்பு. அடுத்து எங்கே போகலாம்?

எஸ்., ஒசாகா

அன்புள்ள எஸ்.,

முக்காலியை விட்டுவிடுவோம். குறுகலான மரத்தாழ்வாரத்தில் நீங்கள் மூன்று காலையும் விரித்துவைத்தால் பின்னால் வருகிறவர் எப்படிப் போவார்? சஞ்சூசங்கென்தோவில் 1,001 கண்ணோன் சிலைகள், அதாவது கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் சிலைகள், இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் டிக்கெட். கண்ணால் பாருங்கள், போதும்.

காப்பாற்றும் வேலை என்கிறீர்கள். உண்மைதான், சில படங்கள் காப்பாற்றியிருக்கின்றன. நாராவுக்கு அருகே ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் 1949 ஜனவரி 26 அன்று தீயில் கருகின. அஜந்தாவை நினைவூட்டும் ஓவியங்கள் அவை. நல்லவேளையாக 1935இலேயே அவற்றை மூல அளவில், பகுதி பகுதியாக, கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துவைத்திருந்தார்கள். 1960களில் ஓவியர்கள் கூடி அந்தச் சுவரோவியங்களை மீண்டும் தீட்டியபோது கைகொடுத்தவை அந்தப் படங்கள்தாம். ஆனால் அது பாதுகாப்புக்கென்றே திட்டமிட்டு, அனுமதியோடு நடந்த வேலை. சனிக்கிழமைப் படங்களுக்கு அந்தப் பெருமையைக் கேட்காதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடைசிப் படத்துக்காகத்தான். அது ஷிபாவில், டோக்கியோ கோபுரத்துக்கு அருகே உள்ள ஸோஜோஜி கோயில். அங்கே வரிசையாக நிற்பவை பொம்மைகள் அல்ல. ஜிஸோ, அதாவது நம் நாட்டிலிருந்து பௌத்தத்தோடு போன க்ஷிதிகர்ப போதிசத்துவர். கருவிலேயே போன குழந்தைகளையும் பிறந்து நிலைக்காமல் போன குழந்தைகளையும் நினைத்துப் பலர் வைத்த சிலைகள் அங்கே இருக்கின்றன. இருக்கும் குழந்தை நோய்நொடியின்றி வளரட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. எது எதற்கு என்று வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

பெற்றோருக்கு முன்னால் இறந்துபோன குழந்தைகள் மறுவுலகின் ஆற்றங்கரையில் கல்லின் மேல் கல்லாக அடுக்கிக்கொண்டே இருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அடுக்க அடுக்க அரக்கர்கள் வந்து இடித்துத் தள்ளுவார்கள். அப்போது ஜிஸோ வந்து அந்தக் குழந்தைகளைத் தன் அங்கிக்குள் மறைத்துக்கொள்வார். அந்த அங்கியின் மேல்தான் அம்மாக்கள் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிவிடுகிறார்கள், தலைக்குக் குல்லாய் பின்னிப் போடுகிறார்கள்.

நான் அங்கே போயிருந்தபோது நடுத்தர வயதுத் தம்பதி ஒரு சிலையின் முன் குந்தியிருந்தார்கள். அந்த அம்மாள் மழையில் வெளுத்துப்போன குல்லாயைக் கழற்றி, பையிலிருந்து புதியதை எடுத்துப் போட்டு, காது மறைகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். அவர் கணவர் பழைய காகிதக் காற்றாடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார். காற்று இல்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுற்றவிட்டார். அவர்களுக்கு நான்கு அடி தள்ளி ஒருவர் மண்டியிட்டுக் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க மாட்டார்கள், அங்கே அப்படிப்பட்ட பண்பு.

இதைத்தான் நான் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலகை வைத்துத் தடுத்த இடத்தில் அடங்குவதில் ஒரு சிறப்பும் இல்லை, காவலாள் பார்த்துக்கொள்வான். பலகை இல்லாத இடத்தில்தான் உங்கள் வளர்ப்பு தெரியும். நம் ஊரில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்ளும் பெண்ணின் முகத்துக்கு நேரே எவனாவது கேமராவை நீட்டினால் சும்மா இருப்பீர்களா? ஷிண்டோ ஆலயங்களில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் எமா பலகைகளும் அப்படித்தான். பெயர் போட்டு, சிலர் முகவரியும் போட்டு, தெய்வத்துக்கு எழுதியவை. உங்கள் ஆறாவது படத்தில் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்க முடிகிறது. ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள், இதை யோசித்திருக்க வேண்டாமா? இந்தப் படத்தையும் ஜிஸோ படத்தையும் இன்றே நீக்கிவிடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபுஷிமி இனாரியில் ஆளில்லாத விடியலில் நீங்கள் எடுத்த தோரீ என்னும் சிவப்பு வாயில்களின் வரிசை, அதிலும் தூண்களின் பின்புறம் பொறித்த காணிக்கையாளர் பெயர்கள்மீது வெயில் விழும் படம், அருமை. காத்திருக்கத் தெரிந்த கை அது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

அடுத்து நாரா மலைப்பகுதியில் உள்ள முரோஜி கோயிலுக்குப் போங்கள். டோமொன் கென் என்ற புகைப்படக்காரர் அங்கே முதன்முதலில் போனது 1939இல். அவர் எடுக்க ஆசைப்பட்டது பனி மூடிய முரோஜியை. இடையில் பக்கவாதம் வந்தது, 1968இல் மறுபடியும் தாக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. 1978 மார்ச்சில்தான் அவருக்குப் பனி வாய்த்தது. அடுத்த ஆண்டு மூன்றாவது தாக்குதல், அதன் பிறகு நினைவு திரும்பவில்லை, 1990இல் இறந்தார். சுற்றுலாவுக்கு வருகிறவனுக்கு ஒரு நாள்தான். அங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு நான்கு பருவங்களும் இருக்கின்றன. பத்துக் கோயிலுக்கு ஓடாமல் இந்த ஒன்றுக்கே திரும்பத் திரும்பப் போங்கள். கிந்தெட்சு ரயிலில் முரோகுச்சி ஓனோவில் இறங்கினால் கோயிலுக்குப் பஸ் உண்டு. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.