'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று கணவர் சொல்லிவிட்டால்?

கேள்வி: திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஹார்டுவேர் கடை நடத்திய என் கணவருக்கு வயது 71. மூன்று வருடமாக மறதி நோய், டிமென்ஷியா என்கிறார்கள். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துத்தான் நாலு எட்டு வைக்கிறார். இவருக்கு மாற்றுத்திறனாளி சலுகைகள் கிடைக்குமா? 'மறதிக்கெல்லாம் சான்றிதழ் தரமாட்டார்கள்' என்கிறார்கள். வீடும் வைப்புத்தொகையும் அவர் பெயரில் இருக்கின்றன. கைநாட்டு வாங்கி எனக்கு பவர் எழுதிவிடலாம் என்கிறார் என் தம்பி. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, தம்பி சொன்ன பவர் (அதிகாரப் பத்திரம்) யோசனையைத் தொடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சான்றிதழ்.

மறதிக்குச் சான்றிதழ் கிடையாது என்பது அரைகுறையாகக் கேட்டுச் சொல்வது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் உள்ள 21 குறைபாடுகளில் டிமென்ஷியா என்ற பெயர் இல்லை. ஆனால் அதே அட்டவணையில் 'மனநோய்' என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். சிந்தனை, மனநிலை, இடம் காலம் அறிதல், நினைவாற்றல் ஆகியவற்றில் பெரிய கோளாறு ஏற்பட்டு, முடிவெடுக்கும் திறனோ அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் திறனோ கடுமையாகக் கெட்டுப்போவதுதான் அது. உங்கள் கணவரின் நிலை இதற்குள் வரும். 'மனநோய்' என்ற சொல்லைக் கேட்டதும் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் வைத்திருக்கும் தலைப்பு அது, அவ்வளவுதான். மனசு கஷ்டப்பட்டாலும் கையெழுத்துப் போடுங்கள்.

கால் பிரச்சினையை மறந்துவிடாதீர்கள். இயக்கக் குறைபாடு தனி வகை. எலும்பு மருத்துவர் அதைத் தனியாக அளந்து விழுக்காடு போடுவார். விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கூட்ட மாட்டார்கள். அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மறதிக்கு 70, காலுக்கு 45 என்று வந்தால், பெரிய எண்ணான 70-ஐ 90-லிருந்து கழித்து, மிச்சமுள்ள 20-ஐ 45-ஆல் பெருக்கி 90-ஆல் வகுப்பார்கள். வருவது 10. ஆக மொத்தம் 80. சட்டப்படியான பலன்களில் பெரும்பாலானவை 40 விழுக்காட்டில் தொடங்குகின்றன. வருமான வரியில் 80 என்பது 'கடுமையான' குறைபாடு. காலை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் இந்த 10 போய்விடும்.

இனிதான் முக்கியமான விஷயம். மனநல மருத்துவர் நோயின் பெயருக்கு மதிப்பெண் போடுவதில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20. இதில் 7 வந்தால்தான் 40 விழுக்காட்டைத் தொடும்.

இந்த நோயாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் மனைவியைப் பார்த்து 'நீ யாரு?' என்று கேட்பவர், வெள்ளை கோட்டைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து 'நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க எந்த ஊரு?' என்பார். என்னிடம் வந்த ஒரு அம்மா, கணவரைச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு அழைத்துப் போனார். 'சாப்பாடு?' என்று கேட்டதற்கு 'அவரே சாப்பிடுவார்' என்றார். பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்தால்தான் அவர் சாப்பிடுவார் என்பதைச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சான்றிதழ் 40-க்குக் கீழே வந்தது.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். இரவில் எத்தனை தடவை எழுந்தார், குளிப்பாட்டியது யார், உடுப்பை நனைத்தாரா, கேஸ் அடுப்பைத் திறந்து வைத்தாரா, உங்களை அடையாளம் தெரிந்ததா என்று தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். பரிசோதனை அன்று அதை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, கணவர் எதிரில் பேசத் தயக்கமாக இருந்தால் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள். நோயின் காலத்துக்கு மதிப்பெண் இருப்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஸ்கேன் அறிக்கை, எக்ஸ்-ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் உடன் இருக்கட்டும்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை). இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. விழுக்காடு குறைந்துவிட்டால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

அட்டையால் என்ன கிடைக்கும்? 75 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பித்துவிடுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஓய்வூதியம் வாங்கி வரி கட்டுபவர் என்றால், அதைவிடப் பெரிய பலன் வரியில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவின் கீழ், உங்களைச் சார்ந்திருக்கும் கணவருக்காக 75,000 ரூபாய், 80 விழுக்காடு என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழியும். செலவு எவ்வளவு ஆனாலும் இதே தொகைதான். மருத்துவச் செலவுக்கு 80டிடிபி தனி. அதன் விதியில் டிமென்ஷியா என்று பெயர் சொல்லியே இருக்கிறது. குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். மூத்த குடிமகனுக்கு 1,00,000 ரூபாய் வரை, ஆனால் உண்மையில் செலவானது மட்டும். இரண்டும் பழைய வரித் திட்டத்தில்தான். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரிடம் சலுகையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கணவருக்கு வட்டி வருமானமே கணிசமாக வந்தால் அவர் உங்களைச் சார்ந்தவரா என்ற கேள்வி எழும். அப்போது அவருடைய கணக்கிலேயே 80யு பிரிவில் அதே தொகையைக் கோரலாம். இரண்டு பேரும் சேர்ந்து கோர முடியாது.

இப்போது பவர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவிழந்தாலே பவர் முடிந்துபோகும். தெளிவில்லாதபோது எழுதினால் தொடக்கத்திலேயே செல்லாது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் 'இவருக்கு ஒன்றும் புரியாது' என்று அரசிடம் சான்றிதழ் வாங்குகிறீர்கள். மறுபக்கம் 'புரிந்துதான் கைநாட்டு வைத்தார்' என்று சார்பதிவாளரிடம் சொல்வீர்களா? நாளைக்கு வீட்டை வாங்கியவரோ உறவினரோ வழக்குப் போட்டால் உங்கள் சான்றிதழே உங்களுக்கு எதிர்ச் சாட்சி. (நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, தெளிவு இருக்கிறது என்பவர்கள் கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் ஆகியவற்றை மருத்துவர் சான்றோடு இன்றே முடித்துவிடுங்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.)

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 தரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை விஷயத்துக்கு மட்டும்தான், சொத்துக்கு இல்லை. சொத்தைக் கையாள உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டுக் காப்பாளராக நியமனம் பெறுவதே உறுதியான வழி. கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியை சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்ன தனி நீதிபதியின் உத்தரவை 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்து, மனைவியையே காப்பாளராக்கிச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. உங்கள் கணவர் கோமாவில் இல்லை என்பதால் உங்கள் மருத்துவ ஆவணங்கள் இன்னும் அழுத்தமாக இருக்க வேண்டும். யுடிஐடி சான்றிதழ் இங்கேதான் இரண்டாம் முறை கைகொடுக்கும். திருச்சி என்பதால் மதுரைக் கிளையில் தாக்கல் செய்ய வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்பதை நீதிமன்றம் பார்க்கும். மகளிடம் சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகம் போன்றது) சான்றொப்பம் வாங்கிய சம்மதப் பிரமாணப் பத்திரத்தை இப்போதே கேட்டு வையுங்கள். அது வந்து சேரத்தான் நாளாகும்.